அப்பாவின் மோட்டார் சைக்கிளும் அதன் மின்சாரமும்

நம் தோட்டப்புறக் குடும்பங்களில் பங்கு பிரித்துக்கொள்ளும்படியான சொத்து அதிகம் இருந்ததில்லை. லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீடும் கையை விட்டுப் போகும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயங்களே தரைமட்டமாயின. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. புக்கிட் ராஜா தோட்டத்து மண்ணில் புதிய நகரம் எழுந்தது. இப்படி இடம் பெயர்ந்த குடும்பங்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவை சில சாமி படங்கள், கொஞ்சம் பித்தளைப் பாத்திரம், ஒரு தையல் இயந்திரம். சில குடும்பங்களில் இவற்றோடு, சாக்குப் போட்டு மூடிய ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் வந்து சேர்ந்தது.

எங்கள் குடும்பத்துக்கு வந்தது 1953ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஒரு பி.எஸ்.ஏ. பி 31. அப்பா காலமானபோது அது ஓடும் நிலையில்தான் இருந்தது. ஒரே உதையில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆனால் முன்விளக்கு மின்மினிப் பூச்சியைப் போல் மஞ்சளாக மினுங்கும். புதிதாக வாங்கிப் போட்ட பேட்டரி இரண்டே வாரத்தில் செத்துப் போகும். கிள்ளானில் ஒரு பட்டறையில் டைனமோ போய்விட்டது என்றார்கள். இன்னொன்றில் பேட்டரி மட்டம் என்றார்கள். மூன்றாவது இடத்தில், பேசாமல் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு ஒரு காப்சாய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கிடைத்தது. மூன்றுமே தவறு என்று பின்னால் தெரிந்தது. எதனால் தவறு என்பதைச் சொல்லவே இந்தப் பேச்சு.

வரலாற்றுப் பேச்சில் வயருக்கும் பல்புக்கும் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். பழைய வண்டியின் மின்சாரக் கோளாறுகளில் ஒரு பெரும் பகுதி, அது எந்த ஆண்டில், எந்த வழக்கப்படி செய்யப்பட்டது என்று அறியாமல் கை வைப்பதால் உண்டாகின்றது. எங்கள் வண்டிக்கு நேர்ந்ததும் அதுதான். ஆகவே வண்டியின் வயதிலிருந்தே தொடங்குவோம்.

மோட்டார் சைக்கிளில் மின்சாரத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் தீப்பொறி. மற்றொன்று, விளக்கு. முதலில் வந்தது தீப்பொறிதான். தொடக்க கால மோட்டார் சைக்கிள்களில் விளக்குக்கு மின்சாரமே இல்லை. கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்ட, அதிலிருந்து எழும் வாயுவைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கினார்கள். இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போன நம் குடும்பங்களுக்குக் கார்பைடு விளக்கைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அந்த வாடையை மூக்கு மறக்காது.

தீப்பொறிக்கான கருவி மேக்னெட்டோ. காந்தத்துக்கு அருகே கம்பிச் சுருளைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டு கண்டார். அந்த உண்மையை வண்டிகளுக்கு ஏற்ற கருவியாக ஆக்கியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மனியின் ராபர்ட் போஷ். அவருடைய பட்டறையில் வேலை செய்த காட்லோப் ஹோனோல்டு 1902இல் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். பேட்டரி வேண்டியதில்லை, எஞ்சின் சுழலும்வரை தீப்பொறி தானே பிறந்துகொண்டிருக்கும். எங்கள் வண்டி பேட்டரி செத்த பிறகும் ஒரே உதையில் கிளம்பியதன் ரகசியம் இதுதான். பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் அங்கே ஒட்டுமில்லை, உறவுமில்லை.

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டன் ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டது. அதன் வண்டிகளும் விமானங்களும் பெரும்பாலும் எதிரி நாடான ஜெர்மனியின் மேக்னெட்டோவையே நம்பி இருந்தன. அவசர அவசரமாக உள்நாட்டிலேயே மேக்னெட்டோ செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஆண்டில் பிர்மிங்ஹாம் நகரத்து லூகாஸ் நிறுவனம், மேக்னெட்டோ செய்துகொண்டிருந்த தாம்சன்-பென்னெட் என்னும் நிறுவனத்தை வாங்கியது. ஜோசப் லூகாஸ் தெருவில் வண்டி தள்ளி மண்ணெண்ணெய் விற்றுப் பிழைத்தவர். பிறகு கப்பல் விளக்கும் சைக்கிள் விளக்கும் செய்து முன்னுக்கு வந்தவர். அவர் பெயர் தாங்கிய நிறுவனமே பின்னாளில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் மிகப் பலவற்றுக்கு மின்சாரக் கருவிகளைச் செய்தது. பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப், ஏ.ஜே.எஸ். என்று எதைத் திறந்து பார்த்தாலும் உள்ளே லூகாஸ் பெயரைக் காணலாம்.

லூகாஸை ஆங்கிலேயர்கள் ‘இருளின் இளவரசன்’ என்று கேலி செய்வதுண்டு. அவர் விளக்கு போட்டால் இருட்டாகிவிடுமாம். இந்தக் கேலியில் பாதி நியாயம், பாதி அநியாயம் என்பது எங்கள் கருத்து. எழுபது ஆண்டுகள் மழையிலும் சேற்றிலும் கிடந்த கருவியைப் பார்த்து, புதிது போல் இல்லையே என்று குறை சொன்னால் எப்படி?

1920களில் மேக்னெட்டோவின் முதுகில் ஒரு சிறிய டைனமோவை ஏற்றி, இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அதற்கு மேக்டைனோ என்று பெயர். கீழே இருப்பது தீப்பொறிக்கு. மேலே இருப்பது பேட்டரிக்கும் விளக்குக்கும். எங்கள் பி 31இல் இருப்பது இதுவே. மேக்டைனோ வண்டியில் கோளாறு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எஞ்சின் நின்றதா, விளக்கு நின்றதா? எஞ்சின் ஓடி, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் மேக்னெட்டோவைத் தொட வேண்டாம். விளக்கு எரிந்தும் தீப்பொறி இல்லையென்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு கூரையின் கீழ் குடியிருந்தாலும் இரண்டும் தனிக் குடித்தனம்.

மேக்னெட்டோவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிடுகிறோம். காலையில் நன்றாகக் கிளம்பிய வண்டி, பந்திங் போகும் வழியில் சூடேறி நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து உதைத்தால், ஒன்றும் நடவாதது போல் கிளம்பும். பேய் பிடித்த வண்டி என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. பேயுமில்லை, பிசாசுமில்லை. மேக்னெட்டோவின் உள்ளே இருக்கும் கண்டன்சர் பழையதானால் சூட்டில் சோர்ந்துவிடும். கம்பிச் சுருளுக்குப் பூசிய அரக்கும் வெப்பத்திலும் ஈரத்திலும் இளகிவிடும். குளிர் நாட்டில் செய்து வெயில் நாட்டுக்கு வந்த கருவி அது. கண்டன்சரை மாற்றிச் சுருளைப் புதிதாகச் சுற்றிவிட்டால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். உள்ளே தீப்பொறியைத் திறந்து மூடும் முனைகளின் இடைவெளியையும் பார்க்க வேண்டும். அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர்.

இனி வயருக்கு வருவோம். எங்கள் வண்டியின் வயர்களை அவிழ்த்தபோது, மேலே பருத்தி நூல் பின்னலும் உள்ளே ரப்பர் உறையும் இருந்தன. தொட்டதும் ரப்பர் தூள் தூளாக உதிர்ந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு நினைவு வந்தது. 1901இல் திறக்கப்பட்டு, 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய சுவெட்டன்ஹாம் துறைமுகத்தின் வழியே நம்மவர்கள் சீவிய ரப்பர் கட்டுக் கட்டாகச் சீமைக்குப் போனது. அங்கே அது டயராகவும் வயரின் உறையாகவும் ஆயிற்று. கந்தகம் கூட்டிக் கெட்டிப்படுத்தி பேட்டரிப் பெட்டியாகவும் ஆக்கினார்கள். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறி இங்கேயே திரும்பி வந்தது. வந்த வண்டியில் உட்கார்ந்தவர்கள் மட்டும் வேறு மனிதர்கள்.

யார் வண்டியில் உட்காரலாம் என்பது கிள்ளான் வட்டாரத்தில் ஒரு காலத்தில் சிறிய கேள்வியாக இருக்கவில்லை. அக்காலத்தில் மோட்டார் சைக்கிள் சின்னத் துரைமாரின் வாகனம். தொழிலாளியிடம் இருந்தால் அது சைக்கிள்தான். அந்தச் சைக்கிளிலும் துரையோ கிராணியோ எதிரே வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். 1941ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தங்களைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற போராட்டம் அது. சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, ஒழுங்கான தமிழ்க் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு, நம் பெண்களைத் தொல்லை செய்வதற்கு முடிவு என்று கேட்ட கோரிக்கைகளின் நடுவே இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதே அது.

கூலி உயர்வுக்கு இணையாக இதைக் கேட்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கிற்று. அந்தப் படையினரில் பலர் சைக்கிளில் வந்தவர்கள் என்பதும், 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் அவர்கள் கையில் விழுந்தது என்பதும் வரலாறு. எந்தத் துரைக்காகவும் அவர்கள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

எங்கள் அப்பா தம் பி.எஸ்.ஏ.யை சுதந்திரத்துக்குப் பிறகு, தோட்டத்துக் கண்டக்டர் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக, தவணை முறையில் வாங்கினார். பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் பிரட்டுக்களத்தின் ஓரமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது, லயமே வெளியே வந்து பார்த்ததாக அம்மா சொல்வார். பெயர்ப் பலகையில் சிலாங்கூரின் ‘பி’ எழுத்து, டாங்கியில் பி.எஸ்.ஏ. என்ற பெயர். அந்தப் பெயரின் விரிவு பிர்மிங்ஹாம் சிற்றாயுத நிறுவனம். 1861இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தியதே அதன் சின்னம். இரண்டாம் உலகப் போரில் எம் 20 என்ற ஒரே ரகத்தில் மட்டும் ஏறத்தாழ 1,26,000 மோட்டார் சைக்கிள்களைப் படைக்குச் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும், அதே பிர்மிங்ஹாம் தொழிற்சாலைகள் ஏற்றுமதிக்காக முடுக்கிவிடப்பட்டன. எங்கள் பி 31 அந்த அலையில் வந்த வண்டி.

இப்போது கதையின் முடிச்சுக்கு வந்துவிட்டோம். எந்த மோட்டார் சைக்கிளிலும் பேட்டரியின் ஒரு முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இதைத்தான் எர்த் என்கிறோம். மின்சாரம் ஒரு வயரில் போய், சட்டத்தின் வழியே திரும்பி வரும். பாதி வயர் மிச்சம். எந்த முனையைச் சட்டத்தோடு இணைப்பது என்பதில்தான் வழக்கம் மாறி மாறி வந்தது. லூகாஸ் கருவிகள் பொருத்திய மோட்டார் சைக்கிள்களில் முன்பெல்லாம் நெகட்டிவ் முனையே எர்த்தாக இருந்தது. 1950களின் தொடக்கத்தில் அதைப் பாசிட்டிவ் எர்த்தாக மாற்றினார்கள். காயில் வைத்த வண்டிகளில் தீப்பொறி எளிதாகப் பாயும், முனைகள் பாசி பிடித்து அரிப்பதும் குறையும் என்று காரணம் சொல்லப்பட்டது. எங்கள் வண்டி போன்ற மேக்னெட்டோ வண்டிகளில் தீப்பொறிக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. இருந்தும் ஊரோடு ஒத்து அவையும் மாறின. பிறகு 1960களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கார்கள் நெகட்டிவ் எர்த்துக்கே திரும்பிவிட்டன.

இதற்கிடையில் ஜப்பான் எழுந்து நின்றுவிட்டது. 1946இல் சொய்ச்சிரோ ஹோண்டா, படையினரின் கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு மின்சாரம் உண்டாக்கப் பயன்பட்ட சின்னஞ்சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களில் பொருத்தி விற்றார். மின்சாரத்துக்கென்று பிறந்த எஞ்சின் வண்டியை ஓட்டப் புறப்பட்ட கதை அது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற வண்டியின் வரைபடம், போரில் தோற்ற நாடு கொடுத்த ஈடாகப் பிரிட்டனுக்கு வந்தது. அதைப் பார்த்து பி.எஸ்.ஏ. 1948இல் பேண்டம் என்ற சிறிய வண்டியைச் செய்தது. அதே ஜெர்மன் வண்டியைப் பார்த்து யமஹா 1955இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. பேண்டமும் யமஹாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்புவீர்களா?

ஹோண்டாவின் சூப்பர் கப் 1958இல் வந்தது. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ அந்தக் காலத்திலேயே ஹோண்டாவின் விற்பனை உரிமையைப் பெற்று, வண்டிகளை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். ‘கப்’ என்ற பெயரோடு சீனர்களின் ‘சாய்’ சேர்ந்துதான் காப்சாய் ஆயிற்று என்பர். விலை மலிவு, எண்ணெய் ஒழுகாது, உதைத்தால் பிடிக்கும். தோட்டத்துத் தொழிலாளியை உண்மையில் மோட்டார் சைக்கிளில் ஏற்றியது சீமை வண்டி அல்ல, இந்த ஜப்பான் வண்டிதான். இதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் தொழில் 1970களின் தொடக்கத்தில் நொடித்தே போயிற்று.

ஜப்பான் வண்டிகள் நெகட்டிவ் எர்த். அடுத்த தலைமுறைப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் அவற்றிலேயே கை பழகியவர்கள். ஹோண்டாவில் சிவப்பு வயர் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து மின்சாரம் கொண்டுபோவது. பச்சை வயர் சட்டத்துக்குப் போவது. பாசிட்டிவ் எர்த் வைத்த பிரிட்டிஷ் வண்டியில் பாசிட்டிவ் முனையின் சிவப்பு வயரே சட்டத்துக்குப் போகும். இந்த வேற்றுமையை அறியாமல் யாரோ ஒரு கைராசிக்காரர் எங்கள் வண்டியில் புது பேட்டரி போட்டபோது, நெகட்டிவ் முனையைச் சட்டத்தில் இணைத்திருக்கிறார். அவர்மேல் கோபமில்லை. ஆயிரம் வண்டிகளில் சரியாக இருந்தது ஆயிரத்தோராவது வண்டியில் தவறிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. முன்விளக்கின் மேலே கடிகாரம் போன்ற அம்மீட்டர் ஒன்று இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி விளக்கைப் போட்டால் அதன் முள் கழித்தல் பக்கம் போக வேண்டும். ஏனென்றால் பேட்டரி செலவாகிறது. எங்கள் வண்டியில் முள் கூட்டல் பக்கம் போயிற்று. செலவை வரவென்று எழுதிய கணக்குப்பிள்ளை போல் முள் பொய் சொல்லிற்று. உடனே பேட்டரியைப் பார்த்தோம். தலைகீழ். இதில் டைனமோ ஒரு பக்கம் இழுக்க, பேட்டரி மறு பக்கம் இழுக்க, இடையிலிருக்கும் ரெகுலேட்டர் பெட்டியின் முனைகள் கருகிப் போயிருந்தன. நல்ல வேளை, இது டைனமோ வண்டி. பின்னாளில் வந்த ஆல்டர்னேட்டர் வண்டியாக இருந்தால் ரெக்டிபையர் அந்த நிமிடமே எரிந்து போயிருக்கும்.

பேட்டரியைத் திருப்பி, பாசிட்டிவ் முனையைச் சட்டத்தில் இணைத்தோம். அதோடு வேலை தீராது. டைனமோவின் இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சக் காந்தம் எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்தத் திசையிலேயே அது மின்சாரம் தரும். அதற்குச் சரியான திசையைக் கற்பிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி வைத்து, டைனமோவின் ‘எஃப்’ என்ற முனையிலுள்ள வயரைக் கழற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து அந்த முனையை இரண்டு மூன்று தடவை சற்றே தொட்டு எடுத்தால் போதும். பிறகு ‘டி’, ‘எஃப்’ இரண்டு முனைகளின் வயர்களையும் கழற்றி, முனைகளை ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு 12 வோல்ட்டு பல்பை வைத்து எஞ்சினை மெல்ல ஓட்டினோம். வேகப்படுத்தக் கூடாது. பல்பு எரிந்தது. செத்துவிட்டதாகத் தீர்ப்பளிக்கப்பட்ட டைனமோ உயிரோடுதான் இருந்தது. கருகிய முனைகளைச் சுத்தம் செய்து ரெகுலேட்டரையும் சரிக்கட்டியபின், பேட்டரி நிலைத்தது.

ஆனால் முன்விளக்கு இன்னும் மஞ்சளாகவே எரிந்தது. இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உடன் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 24 வாட் பல்பு 6 வோல்ட்டில் எரிய 4 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியரே போதும். பழைய வண்டி 6 வோல்ட்டு ஆகையால் அதன் வயரில் இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓடுகிறது. வழியில் துரு, பெயிண்டு, தளர்ந்த திருகு என்று எது தடுத்தாலும் நட்டம் அதிகம். ஒரே ஒரு வோல்ட்டு வழியில் தொலைந்தாலும், ஆறில் ஒரு பங்கு போயிற்று. வெளிச்சமும் ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். இழை பல்புகளில் வோல்ட்டு சிறிது குறைந்தால் ஒளி பெரிதாகக் குறையும். ஆறு ஐந்தானால் வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

அந்த ஒரு வோல்ட்டு எங்கே தொலைந்தது? முன்விளக்கிலிருந்து மின்சாரம் சட்டத்துக்குத் திரும்ப வேண்டுமானால், கைப்பிடி திரும்பும் கழுத்தின் குண்டுகள் வழியாகத்தான் வர வேண்டும். அந்தக் குண்டுகள் கிரீசில் ஊறிக் கிடக்கின்றன. கிரீசு மின்சாரத்தை எளிதில் விடாது. விளக்குக் கூட்டிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு நேராக ஒரு தனி வயர் போட்டோம். திருகுகளின் அடியிலிருந்த பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரியச் செய்தோம். அன்று மாலை விளக்கு வெள்ளையாக எரிந்தது. மொத்தச் செலவு, ஒரு முழ வயரும் உப்புத்தாளும். டைனமோவை மாற்றக் கேட்ட தொகையைச் சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும், ஆகையால் சொல்லவில்லை.

வயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் உறை உதிர்ந்த வயரில் டேப்பைச் சுற்றி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். டாங்கிக்கு அடியில் அது சட்டத்தோடு உரசினால் தீப்பிடிக்கும். தலைக்கு மேலே பெட்ரோல் இருக்கிறது. பழைய வயரைக் கழற்றும் முன், எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பேட்டரிக்கு அருகில் ஒரு பியூசும் போட்டுவிடுங்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பியூசே இருக்காது.

இன்னொரு சங்கடம் சட்டத்தால் வந்தது. 1992 முதல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டுச் செல்ல வேண்டும். நல்ல சட்டம். கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், மோட்டார் சைக்கிள்களுக்கென்று 1970களில் தனிப் பாதை போட்டதற்கு என்ன காரணமோ, இதற்கும் அதே காரணம்; மோட்டார் சைக்கிளில் போகிறவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். ஆனால் அந்தக் காலத்து டைனமோ 30 வாட் முதல் 60 வாட் வரைதான் தரும். அதுவும் வண்டி நல்ல வேகத்தில் போனால்தான். நெரிசலில் ஊர்ந்து போகும்போது விளக்கு பேட்டரியைத்தான் தின்னும். இன்று கிடைக்கும் எல்.இ.டி. பல்பு குறைந்த வாட்டில் எரிவதால் இதற்கு நல்ல மருந்து. வாங்கும்போது மட்டும் மறவாமல், 6 வோல்ட்டு, பாசிட்டிவ் எர்த் என்று கேட்டு வாங்குங்கள். இழை பல்புக்குத் திசை கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு. மாற்றிப் போட்டால் எரியாது. உடனே பல்பு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடுவோம்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு நாங்கள் இரண்டு வேலைகள் செய்தோம். ஒன்று, அப்பாவின் பெயரில் இருந்த வண்டியைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறைப்படி பெயர் மாற்றியது. இறந்தவர் பெயரில் உள்ள வண்டிக்குக் கூடுதலான பத்திரங்கள் வேண்டியிருக்கும். அவற்றைத் தேடி அலைந்தது தனிக் கதை. மற்றொன்று, பேட்டரிப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்தது: ‘6 வோல்ட்டு. பாசிட்டிவ் முனை சட்டத்துக்கு.’ எங்களுக்குப் பிறகு இந்த வண்டி யார் கைக்குப் போகிறதோ, அவர் மூடியைத் திறந்ததும் முதலில் அதைப் படிப்பார்.